கரை வேட்டி இல்லாத ஊரில் கட்சி மாறியவர்

1

போன வருடம் இதே நாளில் எடுத்தது என்று கைபேசி தானாகவே ஒரு படத்தைக் காட்டியது. நான் கேட்கவில்லை. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அலாரத்தை அணைக்கப் போனேன். இந்த ஊர் நகரசபைத் தலைவரின் முகம் வந்து நின்றது. தோளில் சரிகை போட்ட சால்வை, கையில் எலுமிச்சம்பழம், வாய் கொள்ளாத சிரிப்பு. அவருக்கு இடப்பக்கம் செல்வம், வலப்பக்கம் நான். பின்னால் நாங்கள் குடியிருக்கும் பழைய பள்ளிக்கூடக் கட்டடம்.

அந்தப் படத்தால்தான் அந்தக் கட்டடம் எங்கள் கையை விட்டுப் போகிறது. நாளை சாயங்காலத்துக்குள் அந்த ஆளுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் என் குடும்பத்துக்கு மட்டும் நல்ல வீடு கிடைக்கும். மாட்டேன் என்றால் மற்றவர்களோடு சேர்ந்து நானும் இடம் தேடி அலைய வேண்டும். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "வெளிநாட்டுல இருக்கா, அவளுக்கு இன்னா கொறச்சல்" என்று ஆம்பூரில் பேசுகிறவர்கள் நிதானமாகப் படிக்கட்டும்.

என் பெயர் கஸ்தூரி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தேன். இப்போது குரோஷியாவின் வடக்கே, ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அதே வேலை. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மிஷின்களில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் மோகன் தோல் வெட்டும் பிரிவில். மகள் நிவேதா எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் நிவெஸ். அது இந்த ஊர்ப் பெண்களுக்கு வைக்கிற பெயர். நாங்கள் வைக்கவில்லை, அவளே வைத்துக்கொண்டாள்.

பழைய பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறையை பீரோவால் தடுத்து நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். மாடி முழுக்க ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பையன்கள். கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்து எங்களை வைத்திருக்கிறது. இங்கே போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்த முகவரி இல்லை என்றால் தங்கும் அட்டை கிடையாது. அட்டை இல்லை என்றால் வேலை கிடையாது. நம் ஊரில் வீடு போனால் வீடுதான் போகும். இங்கே வீடு போனால் நாடே போய்விடும்.

2

சால்வை செல்வத்தின் யோசனை.

செல்வம் குடியாத்தத்துக்காரன். வீட்டில் விசைத்தறி, லுங்கி நெசவு. அவனுக்குத் தறியில் மனம் ஒட்டவில்லை. வார்டுச் செயலாளர் ஒருவர் பின்னாலேயே திரிந்தான். அவர் கட்சி மாறியபோது இவனும் மாறினான். அவர் மறுபடி மாறினார், இவனும் மறுபடி மாறினான். கடைசியில் அவர் கான்ட்ராக்டர் ஆனார், இவன் கடன்காரன் ஆகிக் குரோஷியாவுக்கு வந்தான். மாடியில் எல்லோரும் அவனைக் கவுன்சிலர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வருடம் நகரசபைத் தலைவர் எங்கள் கட்டடத்து வாசலிலேயே பஸ் நிற்க ஏற்பாடு செய்தார். அதுவரை பனியில் நெடுஞ்சாலை வரைக்கும் நடந்தோம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வழக்கு என்பார். வழக்கு பேசும் அளவுக்கு இந்த ஊர்ப் பாஷை எனக்கு வராது.

செல்வம் சொன்னான்: "ஒருத்தர் பஸ் உட்ருக்காரு, நாம கம்முனு ஏறிப் போனா இன்னா மரியாதக்கா? ஒரு சால்வ, ஒரு பேனர். செலவ நான் பாத்துக்கறேன்."

பேனரை அவன் தம்பி குடியாத்தத்திலிருந்து வடிவமைத்து அனுப்பினான். பக்கத்து நகரத்தில் அச்சடித்தோம். நடுவில் தலைவரின் பெரிய முகம். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே எங்கள் எல்லோருடைய முகங்களும் பொட்டுப் பொட்டாக. "வாழ்த்தி வணங்குகிறோம்" என்று தமிழில். தலைவரின் பெயர் மட்டும் அவர்கள் எழுத்தில். விடியற்காலை வாசல் சுவரில் கட்டினோம்.

நம் ஊரில் கல்யாணத்துக்கும் பேனர், காதுகுத்துக்கும் பேனர், சாவுக்கும் பேனர். இருக்கிறவரா போனவரா என்று கீழே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே தேர்தல் சமயம் தவிர ஒரு முகத்தைப் பெயரோடு தெருவில் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பஸ் நிறுத்தத்துப் பலகையில் தினமும் பார்க்கிற காகிதம்தான் அது: இன்னார் இறந்தார், அடக்கம் இத்தனை மணிக்கு. எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

தலைவரின் மனைவிக்குத் துக்கம் கேட்டு ஃபோன் மேல் ஃபோன். அந்த அம்மா அப்போது அவருக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாராம். ஒரு கிழவி, கல்லறையில் வைக்கிற சிவப்புக் கண்ணாடி மெழுகுவத்தியைக் கொண்டுவந்து பேனருக்குக் கீழே ஏற்றி வைத்துச் சிலுவைக் குறி போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏதோ அவர்கள் வழக்கத்தில் மரியாதை செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

தலைவர் வந்தார். தன் முகத்துக்குக் கீழே எரியும் மெழுகுவத்தியைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். செல்வம் அந்தக் கணத்தை விடவில்லை. சால்வையைப் போட்டு, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டான். படம் எடுத்தது தலைவரின் டிரைவர். "நான் செத்தால் இவ்வளவு பேர் வருவார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது" என்று தலைவர் சொன்னதை நிவேதா எங்களுக்கு மொழிபெயர்த்தாள். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்ததோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

3

தைக்கும் பிரிவில் என் பக்கத்து மிஷின் மரியா. இந்த ஊர்க்காரி, ஓய்வுக்குக் காத்திருப்பவள். நான் பேசுகிற குரோஷியப் பாஷை எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. தொழிற்சாலைப் பாஷை. அதில் எல்லோரும் 'நீ'தான். அதே 'நீ'யை ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் போட்டுப் பேசிவிட்டேன். அந்த அம்மா என் காகிதங்களை மூடி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நிவேதாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "இனிமே நான் பேசறேன், நீ வாய தொறக்காத" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இந்த நாட்டில் வாய் என்பது என் மகள்தான்.

தலைவரின் கதையை மரியாதான் சொன்னாள். அவரும் இதே கம்பெனியில் தோல் வெட்டியவர். தொண்ணூறுகளில் இங்கே நடந்த யுத்தத்துக்குப் பிறகு கம்பெனி தனியார் கைக்குப் போய்ச் சம்பளம் நின்றபோது, சின்ன வயசுக்காரராக கேட்டில் நின்று ஒலிபெருக்கி பிடித்தவர். மரியாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அந்தச் செல்வாக்கில் இடதுசாரிக் கட்சியில் சேர்ந்து நகரசபைக்கு வந்தார். மேலே ஆட்சி மாறியதும், ஊருக்கு ரோடு வேண்டும் என்று சொல்லி ஆளும் கட்சிக்குப் போனார். ரோடு வந்தது. அங்கே சண்டை வந்து, எந்தக் கட்சியும் வேண்டாம் என்று சொந்தமாக ஓர் அணி கட்டித் தலைவர் ஆனார். இந்த வருடத் தொடக்கத்தில், வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பு என்று கத்துகிற கட்சியில் சேர்ந்துவிட்டார். பாராளுமன்றத்துக்கு நிற்க ஆசை. அவர்கள் இடம் தருகிறார்களாம்.

"நீ ஒவ்வொரு தடவையும் யாருக்குப் போட்டே?" என்று மரியாவைக் கேட்டேன்.

"அவனுக்குத்தான்."

"மாறின எல்லாக் கட்சிக்கும் போட்டியா?"

"கட்சிக்கு யார் போட்டா? அவன் கட்சியத்தான் மாத்துவான். பொண்டாட்டிய மாத்தல, வீட்ட மாத்தல, முடி வெட்டுறவன மாத்தல."

எனக்கு எரிச்சலாக வந்தது. நம் ஊரில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கட்சி மாறுகிறவன் மேடையில் ஏறுவான், புதுத் தலைவர் துண்டு போடுவார், மறுநாள் வேட்டியின் கரை மாறியிருக்கும். பழைய கரை வேட்டி பைக் துடைக்கப் போய்விடும். செல்வமே இரண்டு தடவை அப்படித் துடைத்தவன். வெட்கம் இருக்கிறதோ இல்லையோ, எதிரில் வருகிறவன் இன்றைக்கு யார் என்று தூரத்திலேயே தெரியும். நாம் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடலாம். இந்த ஆள் அதே நீலக் கோட்டு, அதே தொப்பி, அதே சிரிப்பு. கட்சி மாறிய வாரம் கூட எங்கள் பஸ்ஸுக்குக் கை காட்டினார். பதிலுக்கு நாங்களும் கை காட்டினோம்.

4

ஆம்பூரில் எங்கள் கம்பெனி வேன் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். மூட்டை அடுக்குகிற மாதிரி அடுக்குவார்கள். டிரைவரைத் தவிர அந்த வேனில் ஒரே ஆண் பழனி அண்ணன், எங்கள் பிரிவுச் சங்கச் செயலாளர். முன்பக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட்டு அவருக்கு. பக்கத்தில் யாராவது ஒரு பெண் உட்காருவாள். போனஸுக்காகக் கேட்டில் நின்ற வருடம், அவர்தான் எங்களுக்கு முன்னால் நின்றார். "எவனும் உள்ள போவக் கூடாது, போனா என் பொணத்த தாண்டிப் போ" என்றார்.

ஒரு திங்கட்கிழமை அவர் சூப்பர்வைசர் கோட்டோடு வேனில் ஏறினார்.

யாரும் திட்டவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. பெண்கள் ஏறினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி வயிற்றில் பிள்ளை வைத்திருந்தாள், அவளும் நின்றாள். பழனி அண்ணன் பக்கத்து சீட் கம்பெனி கேட் வரைக்கும் காலியாகவே வந்தது. நானும் நின்றவள்தான். மறுநாளும் அப்படித்தான். அவர் பைக் வாங்குகிற வரைக்கும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

அவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அவர் நம்பர் என்னிடம் இல்லை.

5

புதுக் கட்சியில் தலைவருக்குப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். பாராளுமன்ற இடத்தை எதிர்பார்த்திருந்த வேறு ஒருவனின் ஆட்கள். அவர்கள் அந்தச் சால்வைப் படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். 'வெளிநாட்டுக்காரர்களின் மாப்பிள்ளை' என்று அதற்குத் தலைப்பு. மரியா கைபேசியில் காட்டினாள். கீழே ஆயிரம் கேலி. மெழுகுவத்திக் கதையும் சேர்ந்துகொண்டது. செத்தவனுக்கு எதற்குச் சீட்டு என்று ஒருவன் எழுதியிருந்தானாம்.

அந்த ஆளுக்குத் தான் மாப்பிள்ளை இல்லை என்று காட்ட வேண்டியதாகிவிட்டது. அதற்கு எங்களை விட வசதியாக யார் கிடைப்பார்கள்? பழைய பள்ளிக்கூடத்தின் குத்தகையைப் புதுப்பிக்கக் கூடாது என்ற தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை நகரசபைக் கூட்டம். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். ஷிஃப்ட் முடிந்து நானும் செல்வமும் நிவேதாவும் போனோம். செல்வம் பையில் ஏதோ வைத்திருந்தான். எனக்குச் சந்தேகம் வந்து பிரித்துப் பார்த்தால் இன்னொரு சால்வை.

"இன்னாடா இது?"

"எல்லார் எதிர்லயும் போட்டுட்டா நமக்கு எதிரா கை தூக்க மாட்டாருக்கா. நம்ம ஊர்ல இதான் வழி."

"மொத சால்வைக்கே வீடு போவுது. ரெண்டாவது போட்டா விமானத்துலயே ஏத்தி உட்ருவானுங்க. உள்ள வை."

பின்வரிசையில் உட்கார்ந்தோம். தலைவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு எழுந்து பேசினார். நிவேதா என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். "இவங்களுக்கு நான் எதிரி இல்லன்றாரு. அந்தக் கட்டடத்துக்கு நான் போயிருக்கேன்றாரு. சுவரெல்லாம் ஓதம், ஒரு மாடிக்கு ஒரே குளியலறை, மின்கம்பி வெளியில தொங்குது. நம்ம மாட்டைக் கூட அங்க கட்ட மாட்டோம், மனுஷங்களை வெச்சிருக்கோம்ன்றாரு."

எல்லாம் உண்மை. சுவரில் பூசணம் பிடித்து நிவேதாவின் குளிர்காலக் கோட்டு நாறுகிறது. மாடிப் பையன்கள் குளிக்க வரிசையில் நிற்கிறார்கள். இதை எல்லாம் கம்பெனியிடம் எத்தனையோ முறை சொன்னோம், ஓர் ஆணி அடிக்கவில்லை. இப்போது எங்கள் வாயிலிருந்த நியாயத்தை எடுத்து எங்களையே அடிக்கிறார்.

கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார். முன்வரிசையில் கை தட்டினார்கள். நிவேதா மொழிபெயர்க்கவில்லை.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லம்மா. நன்றின்னாரு."

மரியா சொல்லிக்கொடுத்த பாஷை அந்த ஒரு வாக்கியத்துக்குப் போதும். வேலைக்கு வந்தவர்கள் வேலை முடிந்ததும் போக வேண்டியவர்கள், வாழ வந்தவர்கள் அல்ல என்று சொன்னார். எனக்குப் புரிந்தது என்று நான் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டு எடுத்தார்கள். முதலில் எழுந்தது அவர் கைதான். குத்தகை வருடக் கடைசியோடு முடிகிறது.

6

வெளியே காப்பி மிஷின் பக்கத்தில் நின்றோம். செல்வம் தம் அடிக்கக் கீழே இறங்கிப் போனான். தலைவர் நேராக என்னிடம் வந்து கை கொடுத்தார். பழக்கத்தில் நானும் கொடுத்துவிட்டேன். பிறகு நிவேதாவைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்க்காமல் எனக்காகப் பேசினார்.

சர்ச்சுக்குப் பின்னால் அவருடைய அம்மாவின் வீடு இருக்கிறது. அம்மா போன பிறகு பூட்டிக் கிடக்கிறது. தோட்டம், வால்நட் மரம், மாடியில் ஓர் அறை. எங்கள் குடும்பத்துக்குத் தருகிறார். முகவரிப் பதிவுக்கும் அவரே கையெழுத்துப் போடுவார். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று: சனிக்கிழமை உள்ளூர் ரேடியோவில் நான் பேச வேண்டும். படத்தில் இருக்கும் பெண்ணே பேச வேண்டும். அந்தக் கட்டடம் மனிதர் வாழத் தகுதியில்லாதது, நகரசபை செய்தது சரி, நாங்கள் நல்ல இடத்துக்குப் போகிறோம். அவ்வளவுதான்.

"பொய் ஒண்ணும் சொல்லச் சொல்லலயாம். உண்மையைத்தான் சொல்லணுமாம்" என்றாள் நிவேதா.

"மாடியில இருக்கறவங்க?" என்று நானே அவர் பாஷையில் கேட்டேன். 'நீ' போட்டுத்தான் கேட்டேன்.

அது கம்பெனியின் வேலை என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லச் சொன்னார். போகும்போது நிவேதாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

படியிறங்கும்போது நிவேதா சொன்னாள். "அந்த அம்மா, அவரோட அம்மா, ஜன்னல்ல பூ வெச்சிருப்பாங்க. ஸ்கூலுக்குப் போறப்ப பாப்பேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி: "எனக்கு ஒரு ரூம் வேணும்மா. கதவு இருக்கற ரூம். பீரோ இல்ல, கதவு."

அவள் ஒரு தோழியையும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பழைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்று சொல்கிறாள். பக்கத்தில் இருப்பது வயல்.

7

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் மடித்து முடித்தார். "நீ முடிவு பண்ணு. அப்புறம் என்னத் திட்டாத" என்றார். இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் இதே பதில்.

மாடியில் எல்லோருக்கும் ஒரே சமையலறை. பள்ளிக்கூடத்து நீள பெஞ்ச் ஒன்று போட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை செல்வம் அதில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். விஷயத்தை அவனிடம் மறைக்க எனக்கு வரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"எடுத்துக்கோக்கா" என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு தடவ மாறின ஆளு, நீ இதான் சொல்வே."

"மாறினவன்தான் சொல்லணும். மாறாதவனுக்கு இன்னா தெரியும்? மொத நாளு பேஜாரா இருக்கும். கரை உறுத்துற மாதிரியே இருக்கும். அப்புறம் சரியாப் பூடும்."

"பழைய தோஸ்துங்க?"

"டீக்கடைய மாத்திக்கணும்."

"இங்க எந்தக் கடைக்குப் போறதுடா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். "அதாங்க்கா. ஊர்ல டீக்கடை ஜாஸ்தி. இங்க இந்த ஒரு அடுப்புதான்." இரண்டு கிழங்கைச் சீவினான். "நீ போய்ட்டா நாங்க இன்னா நெனப்போம்னு மட்டும் என்ன கேக்காத. பாப்பாவுக்கு ரூம் வேணும்னா எடுத்துக்கோ. ரேடியோவுல எங்க பேர சொல்லாம பேசு. போதும்."

நான் கீழே வந்துவிட்டேன். அன்று நிவேதா என்னோடு பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. பீரோவுக்கு அந்தப் பக்கம் கைபேசி வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

இன்று காலை பஸ்ஸில் என் பக்கத்தில் வாணியம்பாடிப் பையன் ஒருவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை, ரேடியோவில் நான் பேசிய பிறகு, இந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்று யோசித்தேன். யாரும் திட்ட மாட்டார்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் ஒன்றும் தியாகி இல்லை. அந்த வால்நட் மரத்து வீட்டை நேற்று சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சுவர் காய்ந்திருக்கிறது. ஜன்னல் இறுக்கமாக மூடியிருக்கிறது. இந்த ஊர்க் குளிரில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆம்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை மனசு மாறியது. அவரைப் போல நாலு கட்சி மாற எனக்கு வருடக்கணக்கில் ஆகாது, ஒரு சாயங்காலம் போதும்.

இங்கே கரை வேட்டி கிடையாது. நான் எந்தப் பக்கம் என்று எதிரில் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதி ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சாகி ஆம்பூரில் பத்துப் பேர் படித்துவிட்டால் அப்புறம் நான் மாற முடியாது. மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். எழுதிவிட்டேன்.

8

இது வெள்ளிக்கிழமை.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நிவேதாவைக் கூப்பிட்டேன். "அவருக்கு ஃபோன் போடு. நான் சொல்றத சொல்லு."

"நீயே சொல்லு. 'வேண்டாம்'னு சொல்ல உனக்குத் தெரியும்."

"வேணாம்னு சொல்லத் தெரியும். ஏன் வேணாம்னு சொல்லத் தெரியாது."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்த்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, அவர் எடுத்தார். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"வீடு வேணாம்னு சொல்லு. ரேடியோவுக்கு வர மாட்டேன்னு சொல்லு. ஓதம் அடிக்குதுன்னு அவரு சொன்னது நெசம்தான். மாடியில இருக்கற எல்லாருக்கும் எடம் காட்டட்டும், அப்ப நானே மைக்கப் புடிச்சி அதைச் சொல்றேன். இவங்களக் காட்டிக் குடுத்துட்டு வர்ற ரூமு என் பொண்ணுக்கு வேணாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் பேசினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. மரியாவின் பாஷைக்கு அந்த வேகம் எட்டவில்லை. நான் சொன்னது ஐந்து வாக்கியம். அவள் அதற்கு மேலும் பேசிக்கொண்டே போனாள். நிறுத்தினாள். கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு மேஜையில் வைத்தாள்.

"இன்னாடி அவ்ளோ நேரம் பேசினே?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன்."

"நான் அவ்ளோ சொல்லலயே."

"அன்னிக்கு மீட்டிங்ல ஒண்ணு உனக்குச் சொல்லாம உட்டேன்."

"தெரியும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேலைக்கு வந்தவங்க வேலை முடிஞ்சா போய்டணும்னு சொன்னீங்களே, நான் வேலைக்கு வரல, எட்டாவது படிக்கிறேன், நான் எங்க போறதுன்னு அவர்கிட்ட கேட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"மூச்சு உட்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வெச்சிட்டாரு."

மாடிக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அவள் அந்தச் சமையலறைக்கு வருவதே இல்லை. வெங்காய வாசனை துணியில் பிடிக்கும், வகுப்பில் கேட்பார்கள் என்பாள். செல்வமும் இன்னும் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோருக்கும் இன்று வெள்ளிக்கிழமை என்று தெரிந்திருக்கிறது. சொல்லாதே என்று செல்வத்திடம் நான் சொல்லவும் இல்லை.

"வருஷக் கடைசிக்குள்ள எல்லாரும் சேர்ந்து எடம் தேடணும். நாளைக்கே ஆரம்பிக்கணும்" என்றேன்.

செல்வம் தட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டான். நான் உட்கார்ந்தேன். இருந்த இடம் ஒருவருக்குத்தான் போதும். நிவேதா இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.